விளக்கு வைக்கும் முன்

ஜூலை 21, திங்கள்

மைக்செட்டை விற்றுவிடலாம் என்று அம்மா இன்று சொல்லிவிட்டாள்.

காலையில் கஸ்தூரி அக்கா வந்திருந்தார். நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர். அப்பாவுக்குத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தபோது அவரிடம்தான் அம்மா நாற்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கினாள். என் பெயரில். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் அது கழியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் வீட்டுக்கு விடுவார்கள் என்று மேட்டுத்தெரு மலர்க்கொடி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வலது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கிறது. அதைப் பற்றி அவள் எதுவும் சொல்வதில்லை.

"ஆவணி பொறந்ததும் வேன் வந்துரும் பாண்டியம்மா. அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துட்டா பேர அடிச்சிர்றேன். இல்லையா, புள்ளைய அனுப்பி வச்சிரு. நானும் மேல பதில் சொல்லணும்ல?"

"எம்புள்ள எங்கயும் போகாது. பணத்தத் தந்துர்றேன்" என்றாள் அம்மா.

கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்து, "நீ என்ன செவ்வந்தி சொல்ற?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மைக்செட் பங்குனியிலிருந்து உள் அறையில் படுதா போர்த்திக் கிடக்கிறது. அப்பா இல்லாமல் அதை யார் எடுத்துக் கட்டுவது?

ஜூலை 22, செவ்வாய்

மாமா வந்து வழி சொன்னார். வீரணன் மாமா அம்மாவின் அண்ணன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு ஓட்டுகிறார்.

"இப்பல்லாம் போன்லதான் விக்கிறாய்ங்க. போட்டோ புடிச்சுப் போட்டா வாங்குறவன் வீட்டுக்கே வந்து தூக்கிட்டுப் போவான். பணத்த என் நம்பருக்குப் போடச் சொல்லு. ஒங்காத்தாகிட்ட பாஸ்புக் மட்டும்தான இருக்கு."

அப்பாவின் போன் இப்போது என்னிடம்தான். ஸ்பீக்கர் பாக்ஸ்களை வாசலுக்கு நகர்த்தித் துடைத்தேன். பின்னால் கொடியில் அம்மாவின் பச்சைச் சேலையைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தேன். கீழே என் கால் பெருவிரல் விழுந்துவிட்டது. மறுபடி எடுக்க நினைப்பதற்குள் மழைத் தூறல் வந்தது. அப்பா இருந்தால் அதற்குள் நாலு தரம் கத்தியிருப்பார்.

படத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'ஐம்பத்தைந்தாயிரம். அப்பா ஆசையாக வைத்திருந்தது. ஒரு நாளும் மழையில் நனையவிட்டதில்லை. பாட்டும் தெளிவாகக் கேட்கும், பேச்சும் தெளிவாகக் கேட்கும். இடது பாக்ஸ் லேசாக உறுமும். மேலே கனமாக ஏதாவது வைத்தால் நின்றுவிடும்.'

"கொறைய எவளாச்சும் எழுதுவாளா?" என்றார் மாமா. நான் அழிக்கவில்லை. அப்பா எங்கே மைக்செட் கட்டப் போனாலும் அம்மிக்குழவியையும் சாக்கில் போட்டு எடுத்துப் போவார், அந்தப் பாக்ஸ் மேல் வைக்க. வீட்டில் அன்று சட்னி கிடையாது.

ஜூலை 23, புதன்

போன் நிறைய தடவை அடித்தது. எடுத்தால் ஆண் குரல். "அண்ணன் இருக்காரா?" என்று கேட்டார்கள். வைத்துவிட்டேன். அம்மா முருங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, "எத்தன பேரு கேட்டாங்க?" என்றாள். யாரும் கேட்கவில்லை என்றேன்.

ஜூலை 24, வியாழன்

ஒருவர் கூப்பிடாமல் எழுதியே அனுப்பினார். பிரபா என்று பெயர்.

'வணக்கம் மா. மைக்செட் இருக்கா?'

இருக்கிறது என்று போட்டேன்.

'எழுதியிருந்ததைப் படிச்சேன். அப்பா நல்லா இருக்காரா மா?'

இல்லை என்று போட்டேன். பிறகு, 'மன்னிச்சிருங்க மா. கேட்டிருக்கக் கூடாது' என்று வந்தது.

எனக்குப் போனில் பேச வராது என்று சொன்னேன். 'பரவாயில்ல மா. எழுதுங்க, போதும்' என்றார். விலை குறைத்துக் கேட்கவே இல்லை. ஆடித் திருவிழாக்களுக்குச் செட் தேவைப்படுகிறதாம், சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறாராம்.

ஜூலை 25, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. இரண்டு குடம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்து வந்தேன். மத்தியானம் அவரிடமிருந்து 'சாப்டீங்களா மா?' என்று வந்தது. சாப்பிட்டேன் என்று போட்டேன். சாப்பிட்டிருக்கவில்லை. பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

பழனிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் பைக்கில் நேரே வந்துவிட்டார், மகனும் கூட. பாக்ஸைத் தட்டிப் பார்த்தார், வயரை முகர்ந்து பார்த்தார். இடது பாக்ஸ் உறுமியதும் முகத்தைச் சுளித்தார்.

"நாப்பத்திரண்டு தர்றேம்மா. இந்தா, கையிலயே வச்சிருக்கேன்" என்று இடுப்பு வாரிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். கஸ்தூரி அக்காவுக்கு அது போதும். அம்மாவின் கை லேசாக நீண்டதைப் பார்த்தேன்.

"இன்னொருத்தரு முழுசாத் தர்றேன்னு சொல்லியிருக்காரும்மா" என்றேன்.

வெளியாட்கள் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசி அம்மா கேட்டதில்லை. அதனாலேயே நம்பிவிட்டாள் போலிருக்கிறது. பெரியவர், "யோசிச்சுக்கங்க, பொறவு கூப்டாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதின்மூவாயிரம் அதிகம் என்றால் அதிகம்தானே. அதற்காகத்தான் சொன்னேன்.

ஜூலை 28, திங்கள்

பிரபாவிடம் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். கேட்டார், அதனால்.

ஜூலை 30, புதன்

இந்த வாரமே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். பணத்தை யாருக்கு அனுப்புவது என்று கேட்டதற்கு மாமாவின் பெயரும் நம்பரும் கொடுத்தேன். மாமா சாயங்காலம் லோடில் இருப்பார், வண்டி ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார், வேறு நேரம் என்றால் நல்லது என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆடி வெள்ளி, விளக்கு வைத்துவிட்டால் அம்மா வீட்டிலிருந்து ஒரு பொருளையும் வெளியே கொடுக்கமாட்டாள், ஊசிகூட. அவர் சிரிப்பு பொம்மை போட்டு, 'எங்க வீட்லயும் அப்படித்தான் மா. வெள்ளிதான் வண்டி கெடைக்குது. விளக்கு வைக்கறதுக்கு முன்னாடியே வந்துர்றேன்' என்றார்.

எல்லோருக்கும் இதெல்லாம் புரியாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

விற்றாகிவிட்டது.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அம்மா தோட்டத்திலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து, வாசல் தெளித்து, விளக்கைத் துலக்கித் திரியும் போட்டுவிட்டாள். வெயில் இறங்கிய பிறகுதான் குட்டியானை லோடு வண்டி சத்தம் கேட்டது. டிரைவரும் அவரும்.

நான் நினைத்ததைவிட வயது கூட. முப்பதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் திருநீறு. கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "நீங்கதானா மா?" என்றார். நான் "ம்" என்றேன் என்று நினைக்கிறேன்.

பொருளை அதிகம் பார்க்கவில்லை. போட்டுக் கேட்கவும் இல்லை. போனை எடுத்து ஏதோ அழுத்தி, அம்மாவிடம் நீட்டினார். "பணம் போயிருச்சுக்கா. பாருங்க."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என்னைக் கூப்பிட்டாள். பெரிய பச்சை வட்டத்தில் டிக். கீழே மாமாவின் பெயர், வீரணன். ஐம்பத்தைந்தாயிரம்.

"மாமாவுக்கு வந்துருச்சாடி?"

மாமாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை.

"லோடுல இருப்பாரு" என்றார் அவர். "பேங்க் சர்வர் வேற இன்னைக்கு மெதுவா இருக்கு. மெசேஜ் வர லேட்டாகும். நான் வேணும்னா இங்கயே உக்காந்திருக்கேன்க்கா, ஒண்ணும் அவசரமில்ல. ஆனா விளக்கு வைக்கற நேரமாச்சே. அதுக்கப்புறம் பொருள் வாசலத் தாண்டுனா நல்லாருக்காதுல்ல?"

அம்மா வானத்தைப் பார்த்தாள். அவள் முகம் அவரிடம் இளகிவிட்டது. "ஏத்துங்க தம்பி, ஏத்துங்க. வெரசா."

மாமா எடுக்கட்டும், அப்புறம் ஏற்றலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் நேரே நிற்கும்போது அதைச் சொன்னால், உங்களை நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. எப்படிச் சொல்வது?

நாலு பேரும் சேர்ந்துதான் ஏற்றினோம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை நான் தூக்கிக் கொடுத்தேன். வண்டி திரும்பியதும் அம்மா விளக்கேற்றினாள். "நல்ல குடும்பத்துப் புள்ள. நேரங்காலம் தெரிஞ்சிருக்கு" என்றாள். பல நாளைக்குப் பிறகு பாயசம் வைத்தாள்.

அம்மிக்குழவி உள் அறையிலேயே இருந்துவிட்டது. 'இடது பாக்ஸ் மேல கனமா ஏதாவது வைக்க மறந்துறாதீங்க' என்று அவருக்கு அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. வண்டியில் போய்க்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 2, சனி

மாமா மத்தியானம் வந்தார். அம்மா சிரித்துக்கொண்டே, "பணம் எடுத்தாந்தியாண்ணே?" என்றாள்.

"எந்தப் பணம்?"

"நேத்து போட்டுவிட்டாகளே."

"எனக்கு ஒண்ணும் வரல பாண்டியம்மா."

"ஒம் பேரு வந்துச்சே. இவதான் படிச்சா."

மாமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளைக்கு வரும், சிலசமயம் ஒரு நாள் ஆகும் என்றார். அவர் போனதும் அம்மா கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "லாரிக்கு ரெண்டு மாசம் தவணை கட்டல அவன்" என்றாள்.

பிரபாவுக்கு இன்னும் ஒரு டிக்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. புளிச்சோறு கிண்டவில்லை.

அம்மா மாமா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அத்தை இலை போட்டு உட்காரச் சொன்னார்கள். அம்மா உட்காரவில்லை.

"எம்புள்ள மில்லுக்குப் போயி நாசமாப் போகணும்னா அந்தப் பணத்த வச்சுக்கண்ணே."

மாமாவின் கையில் சோறு அப்படியே இருந்தது. "என்ன சொல்ற நீ?"

"நான் என்னத்தச் சொல்ல. ஒம் பேருக்குத்தான் போச்சு."

"ஓ" என்றார் மாமா. "ஒம் புருசனுக்கு ரத்தம் குடுக்கப் பதினோரு பேரக் கூட்டிட்டு வந்தேன். அப்ப ஒரு பேரும் போடல நீ. இப்பத் திருடன்னு போட்டுட்ட."

இலையை மடித்துவிட்டு எழுந்தார். அத்தை எங்களைப் பார்க்கவே இல்லை. வரும் வழியில் அம்மா வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். மாமா அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாமா பேங்குக்குப் போய் கணக்கையே அச்செடுத்து வந்து அம்மா காலடியில் போட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு, எதுவும் வரவில்லை. பேங்கில் சொன்னார்களாம், அந்தப் பச்சை டிக்கைக் காட்டுவதற்கென்றே பொய் ஆப் இருக்கிறது, எந்தப் பெயரையும் எந்தத் தொகையையும் அடித்துக் காட்டலாம் என்று.

"நம்ம போன்ல வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் பொருளத் தரணுமாம். அவன் போன்ல பாக்கக் கூடாதாம்" என்றார். அதையே இன்னொரு தரம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் லோடுல இருப்பேன், போன் எடுக்கமாட்டேன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா, "கேட்டுத் தெரிஞ்சிருப்பான்" என்றாள்.

"யாருகிட்ட?"

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இன்று கல் நிறைய.

"ஏன் செவ்வந்தி, அவன் யாருகிட்ட பேசுனான்?"

"அவரு... கூப்பிடல மாமா."

"இன்னும் என்ன அவரு?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்டேஷனுக்குப் போனோம். மாமாவும் வந்தார், ஆனால் அம்மாவோடு பேசவில்லை. மர பெஞ்சில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். எழுதுகிற போலீஸ்காரர், பில் இருக்கிறதா என்று கேட்டார். அப்பா பழையதாக வாங்கியது, பில் இல்லை.

"பணமும் வாங்காம, அட்ரஸும் கேக்காம, வண்டி நம்பரும் பாக்காம, நீங்களே சேந்து ஏத்தி விட்டிருக்கீங்க. ஆரத்தி எடுக்கலையா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வாங்குனவன்கிட்ட பேசுனது யாரு?"

நான் தரையைப் பார்த்தேன். அம்மா, "நாந்தான் சார்" என்றாள்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்க நினைத்தேன். அவளே சொன்னாள்: "வயசுப் புள்ள பேரு ஸ்டேஷன்ல எதுக்கு?"

ஆகஸ்ட் 6, புதன்

அம்மிக்குழவியை அடுப்படியில் பழைய இடத்திலேயே வைத்தேன். சட்னி அரைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒரு டிக்.

அவர் எழுதியவை எல்லாம் போனில் அப்படியே இருக்கின்றன. போனில் இடம் நிறைய இருக்கிறது. அழிக்க வேண்டிய தேவை இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மத்தியானம், நான் மைக்செட் படம் போட்ட அதே ஆப்பில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பச்சைச் சேலை வந்தது.

நான் எடுத்த படம். கீழே என் கால் பெருவிரல். வேறு பெயர், கதிர் என்று போட்டிருந்தது. ஊர் கரூர் பக்கம். எழுத்தும் என்னுடையதுதான். 'அப்பா ஆசையாக வைத்திருந்தது. ஒரு நாளும் மழையில் நனையவிட்டதில்லை. பாட்டும் தெளிவாகக் கேட்கும், பேச்சும் தெளிவாகக் கேட்கும்.' உறுமும் என்கிற வரியை மட்டும் எடுத்திருந்தார். கடைசியில் ஒரு வரி புதிது.

'நேரில் வந்து ரொக்கம் மட்டும். ஆன்லைன் பணம் வாங்குவதில்லை.'

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஜெனிபா அக்காவிடம் போய்ப் போனைக் கேட்டேன். அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து 'மைக்செட் இருக்கா?' என்று அனுப்பினேன். ஒரு பொய்ப் பெயரும் போட்டேன், தாமரை என்று.

உடனே வந்தது. 'வணக்கம் மா. இருக்கு. யாருக்கு மா?'

அப்பாவுக்கு என்று போட்டேன்.

'அப்பா நல்லா இருக்காரா மா?'

நான் ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த நம்பரிலிருந்தே இன்னொன்று வந்தது. 'சாப்டீங்களா மா?'

ஜெனிபா அக்கா எட்டிப் பார்த்து, "யாருடி இது, இம்புட்டு அக்கறையா?" என்றார்கள்.

தெரியாதவர் என்றேன். வீட்டுக்கு வந்து பால் கொட்டிய இடத்தைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இதை ஸ்டேஷனில் காட்டினால் ஆளைப் பிடிக்கலாம். காட்டினால் முன்னால் பேசியதையும் கேட்பார்கள். ஆவணி பிறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது.

அம்மா முருங்கைக் கட்டு சுமந்து தோளில் தடிப்போடு வந்தாள். எண்ணெய் தேய்த்துவிட்டேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொல்லிவிட்டேன். சொல்லவில்லை, போனை அம்மா மடியில் வைத்தேன்.

"என்னடி?"

"இதுல எல்லாம் இருக்கு."

"எல்லாம்னா?"

"நாந்தான் பேசுனேன். எழுதி."

அம்மா போனைத் தொடாமல் பார்த்தாள். பிறகு முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

இந்த முறை ஸ்டேஷனில் பெண் போலீஸ் ஒருவர் இருந்தார். நல்ல மாதிரி. புது விளம்பரத்தைக் காட்டியதும், "அட, இது ஒங்க வீட்டுச் சேலையா?" என்றார். பழைய பேச்சையும் பார்க்க வேண்டும், ஒரே ஆள்தான் என்று தெரிய வேண்டும் என்றார். தனியாகப் படிப்பார் என்று நினைத்தேன். எழுதுகிறவர் எழுதிக்கொள்வதற்காகச் சத்தமாகப் படித்தார்.

மாமாவின் லோடு நேரம். விளக்கு வைக்கிற நேரம். நாற்பத்திரண்டு தருகிறேன் என்று வந்த பெரியவரை அனுப்பிவிட்டது. எல்லாம் வந்தது. மாமா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பெண் போலீஸ் நடுவில் இரண்டு தடவை என்னைப் பார்த்துவிட்டு, மேலே படித்தார்.

'அப்பா யாரும் இல்லாத மைதானத்துல மைக்கை எங்கிட்ட குடுப்பாரு. உன் பேரச் சொல்லுன்னு சொல்வாரு. நான் செவ்வந்தின்னு சொல்வேன். தூரத்துல இருந்து திரும்பி வரும். வேற எங்கயும் நான் அவ்வளவு சத்தமா பேசுனதில்ல.'

'ஆஸ்பத்திரி போயிட்டு பஸ்ல வரும்போது அப்பா அழுவாரு. ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு. அம்மாகிட்ட சொல்லிறாதம்மான்னு சொல்வாரு. நான் இது வரைக்கும் சொல்லல.'

'உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.'

"போதும் மேடம்" என்றார் மாமா. "எழுதிக்கிட்டாச்சுல்ல?"

வெளியே புளியமரத்தடியில் அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம்தான் சொன்னார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. "ஊர் பேர் தெரியாதவன்கிட்ட குடும்பத்தையே அள்ளிக் குடுத்திருக்கு. நீ என்னயத் திருடன்ன."

அம்மா பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஊர் நெருங்கும்போது, சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு நாளும் இம்புட்டுப் பேசுனதில்லையேடி நீ."

ஆகஸ்ட் 13, புதன்

வாங்குகிற மாதிரி நானே எழுதி அவரை ஓர் இடத்துக்கு வரச்சொல்கிறேன் என்று திங்கட்கிழமை ஸ்டேஷனில் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. உண்மையில் சொன்னேனா, நினைத்தேனா என்பதும் இப்போது சரியாகத் தெரியவில்லை.

அவர்கள் ஸ்டேஷன் போனிலிருந்தே கூப்பிட்டுவிட்டார்களாம். எடுத்ததும், "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்டார்களாம். போன் அணைந்துவிட்டது. பச்சைச் சேலையும் ஆப்பில் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அம்மா பழனிப் பெரியவரின் நம்பரைக் கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. கஸ்தூரி அக்கா வந்தார். மாமாவும் இருந்தார்.

"இன்னும் ஒரு மாசம் குடு" என்றாள் அம்மா.

"என் கையிலயா இருக்கு? பேரு ஏறிருச்சு பாண்டியம்மா."

"போகட்டும் விடு" என்றார் மாமா. "அங்க போன் வச்சிக்க விடமாட்டாய்ங்க. அதுவே நல்லது. மூணு வருசத்துல எல்லாம் மறந்துரும்."

எது மறந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் அம்மா விளக்கை ஏற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"பஸ்ஸுல அழுவாராடி?"

"ம்."

"எந்த எடம் வந்தா?"

"தாடிக்கொம்பு தாண்டுனா."

"வீடு வர்றதுக்குள்ள நிறுத்திருவாரா?"

"ஸ்டாப்பு வந்ததும் மொகத்தத் தொடச்சுக்குவாரு. எனக்கும் தொடச்சு விடுவாரு."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு தீப்பெட்டியை வாங்கி விளக்கேற்றினாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேனில் எட்டுப் பேர். எனக்கு ஜன்னல் கிடைக்கவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தேன். இன்னும் ஒரு டிக். அம்மா முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விடுதி அறையில் பன்னிரண்டு பேர். பஞ்சு மூக்கில் ஏறுகிறது. முதல் வாரம் பகல் ஷிப்ட் என்றார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

நின்றுகொண்டே இருக்க வேண்டும். அறுந்த நூலைப் பிடித்து ஒட்ட வேண்டும். சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. எனக்கு அது கஷ்டமாக இல்லை என்று நினைத்தேன். இன்று சாயங்காலம், யாரிடமாவது பேச வேண்டும் போல் தோன்றும் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மில்லுக்குப் பக்கத்து ஊரிலிருந்து மைக்செட் சத்தம் கேட்டது. எந்தக் கோயிலோ. உறுமல் எதுவும் இல்லை. வேறு யாருடையதோ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையில் வீட்டுப் போன் வரும். வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லோர் காதும் திறந்திருக்கும். முன்னால் நின்ற பெண் "ம், ம், சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள் போல.

அம்மா ஜெனிபா அக்காவைவிட்டுப் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்டது. போனில் அவளுக்கும் பேச வராது. அது எனக்கு இதுவரை தெரியாது.

"செவ்வந்தி."

"ம்."

"சாப்டியா?"

அந்தச் சொல் கேட்டதும் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். பின்னால் யாரோ, "சீக்கிரம்" என்றார்கள்.

"சாப்டியாத்தா?"

"காலையில சாப்பிடலம்மா" என்றேன். "உப்புமா. புழு கெடந்துச்சு. மத்த புள்ளைக எடுத்துப் போட்டுட்டுத் தின்னுச்சுக. எனக்கு முடியல. மத்தியானம் சோறும் மொச்சக் குழம்பும். குழம்புல மொச்ச ரெண்டுதான் இருந்துச்சு. அதத் தின்னேன். பக்கத்துல திருச்சுழிப் புள்ள ஒண்ணு, அவ ஊறுகா குடுத்தா. கால் வீங்கியிருக்கும்மா. ராத்திரி தலமாட்டுல ட்யூப்லைட்ட அணைக்க மாட்டேங்குறாங்க. அப்பா பஸ்ஸுல அழுகுறதுக்கு முன்னாடி ஒரு பாட்டுப் பாடுவாரும்மா, மெதுவா, அதயும் நான் ஒங்கிட்ட சொல்லல..."

வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. வார்டன் விரலால் மேஜையைத் தட்டினார்.

அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. மேஜையை மறுபடியும் தட்டினார்கள். நான் நிறுத்தவில்லை.